சித்திக்கு ஆகாத எறா

என் சித்தி எறா சாப்பிடமாட்டாள் என்பது எங்கள் வீட்டில் எட்டு மாத காலம் ஒரு வழக்காகவே நடந்தது. வாதி என் அம்மா. பிரதிவாதி சித்தி. தன்மேல் அப்படியொரு வழக்கு நடப்பது சித்திக்கு மட்டும் தெரியாது.

இறாலை எங்கள் பக்கத்தில் எறா என்றுதான் சொல்வோம். வில்லியனூருக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய சிறிய ஊர் எங்களுடையது. வீராம்பட்டினத்திலிருந்து மீன்காரம்மா வில்லியனூர் வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் மாதா கோவிலை விட்டு வெளியே வரும் நேரம் அவருக்கு அத்துப்படி. முதல் கை எப்போதும் அம்மாவுடையதுதான். முருங்கைக்காய் போட்டு அம்மா வைக்கிற எறாக் குழம்புக்குத் தெருவில் பேர் இருந்தது. அப்பா வாய் திறந்து எதையும் பாராட்டுகிறவர் அல்ல. குழம்பு நன்றாக இருந்தால் இரண்டாம் முறை சோறு கேட்பார். எறாக் குழம்பு வைத்த அன்று மட்டும் மூன்றாம் முறையும் கேட்பார். அம்மாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த பரிசுகளில் அது ஒன்று என்று இப்போது தோன்றுகிறது.

சித்தப்பாவுக்குப் புதுச்சேரி டவுனில் பெண் எடுத்தார்கள். பெண்ணின் அப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். சொல்தா வீட்டுப் பெண் நம் வீட்டுக்கு வருகிறாள் என்று அம்மா ஒரு வாரம் வீட்டை மெழுகினாள். முதல் விருந்துக்கு எறாவில் மட்டும் மூன்று வகை. தொக்கு, குழம்பு, வடை. உறவு முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருக்க, அம்மா தன் கையால் தொக்கை எடுத்துச் சித்தியின் இலைக்குக் கொண்டுபோனாள். சித்தி இலையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. எனக்கு எறா ஆவாது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. யாரோ ஒருவர் சிரித்தார். அம்மா அந்தக் கரண்டியைப் பக்கத்து இலையில் கவிழ்த்துவிட்டு நகர்ந்துபோனாள். சித்தி அன்று மீனைச் சாப்பிட்டாள். வஞ்சிரத் துண்டு இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதுதான் அம்மாவால் தாங்க முடியாமல் போனது.

"மீனும் கடல்லதான் கீது, எறாவும் கடல்லதான் கீது. அது ஆவுமாம், இது ஆவாதாம். இன்னா நியாயம் இது?" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். பக்கத்து வீட்டம்மாவுக்கும் அந்த நியாயம் பிடிபடவில்லை.

இப்போது அதற்கு அலர்ஜி என்று ஒரு சொல் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அன்று எங்களிடம் இருந்தது 'ஆவாது' என்ற ஒரே சொல்தான். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். அப்பாவுக்கும் அவருடைய பங்காளிக்கும் ஆகாது. செவ்வாய்க்கிழமை சிலருக்கு ஆகாது. வடக்கு பார்த்துப் படுத்தால் ஆகாது. இத்தனை ஆகாதவற்றுக்கு நடுவில் சித்தி சொன்ன 'ஆவாது' எந்த வகையைச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அதற்கு 'உன் சமையல் எனக்குப் பிடிக்கவில்லை' என்று பொருள் எடுத்துக்கொண்டாள். எட்டு மாதமும் அந்தப் பொருள் மாறவில்லை.

சித்தி கர்வக்காரி அல்ல. அதை நான் சொல்ல முடியும், ஏனென்றால் அவள் அதிகம் பேசியது என்னிடம்தான். எனக்கு அப்போது எட்டு வயது. சித்தப்பா பஞ்சாலையில் ஷிப்டு முடிந்து வரும்போது வாங்கி வருகிற நீள ரொட்டியை அறுத்து, நெய் தடவி, சர்க்கரை தூவி எனக்குத் தருவாள். இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாள். எறா ஆய்கிற நாளில் சித்தி அடுப்படிப் பக்கமே வரமாட்டாள். துணி துவைக்கவோ தண்ணீர் எடுக்கவோ போய்விடுவாள். அதுவும் வழக்கில் சேர்ந்தது. ஒருமுறை எறாக் குழம்பில் இருந்த அகப்பையை அம்மா கழுவாமல் ரசத்தில் போட்டுவிட்டாள். அன்று மத்தியானம் சித்தி உதடு தடித்துப்போய், கழுத்தெல்லாம் சொறிந்துகொண்டிருந்தாள். "சூடு, வேற ஒண்ணுமில்ல" என்று அம்மா வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள். சித்தி மறுபேச்சில்லாமல் அதைக் குடித்தாள்.

தை மாதம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம் அது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அப்பா விடிந்ததும் வெட்டுக்குப் போயிருந்தார். சித்தப்பா பகல் ஷிப்டு. வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்.

காலையில் பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். வழக்கமான பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"ஒரு தபா தெரியாம போட்டுத்தான் பாரேன். தின்னுட்டு கல்லு மாதிரி நிப்பா. அப்ப கேளு, ஆவுமா ஆவாதான்னு."

அம்மா தோட்டத்தில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். கூடை நிறைந்த பிறகும் குனிந்தபடியே சற்று நேரம் நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த காய்ந்த எறாவில் ஒரு பிடி எடுத்தாள். தானே வெறும் சட்டியில் வறுத்து என்னிடம் கொடுத்தாள். சித்தி அப்போது ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்தாள். வாசனை போகட்டும் என்று அம்மா பின்கதவைத் திறந்து வைத்தாள்.

"நைசா இடி. சித்தி கிட்ட சொல்லக் கூடாது, இன்னா?"

நான் இடித்தேன். மாவாகும் வரை இடித்தேன். சித்தி எனக்கு ரொட்டியும் சர்க்கரையும் தருகிறவள். அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று என்னையே நான் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: அம்மா அதுவரை என்னை நம்பி ஒரு ரகசியமும் சொன்னதில்லை. தண்ணீர் கொண்டுவா, கோழியை விரட்டு, மூக்கைத் துடை என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. அன்று அவள் என் காதருகே குனிந்து பேசினாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சித்தி சாப்பிடுவாள், ஒன்றும் ஆகாது, அம்மா சொல்லிவிடுவாள், எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அம்மாவும் அவ்வளவுதான் நினைத்திருந்தாள். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

மத்தியானம் அம்மா சித்தியைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வழக்கமாகச் சித்தி எங்களுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவாள். "இன்னிக்கு சேர்ந்து சாப்டலாம், உக்காரு" என்று அம்மா தன் கையால் சோறு போட்டு, கத்திரிக்காய்க் கூட்டை அதன் மேல் வைத்தாள். சித்தியின் முகம் மலர்ந்துபோனது. அதை நான் பார்த்தேன். அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் முதல் தடவை அம்மா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாய் இறங்கியது. அம்மா தன் தட்டைத் தொடாமல் சித்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாய். மூன்றாவது வாயை எடுத்தவள், கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதா?" என்றாள் அம்மா.

சித்தி தலையாட்டினாள். மூன்றாவது வாயையும் போட்டுக்கொண்டாள். அடுத்து இடது கையால் தொண்டையைச் சொறிந்தாள். உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தாள். இருமினாள். "தண்ணி" என்றாள். அந்தக் குரல் சித்தியின் குரலாக இல்லை, கம்மிப்போய் இருந்தது. எழுந்தவள் பின்கதவு வரை போய், அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தாள்.

வேலிக்கு அப்பால் இருந்தபடி பக்கத்து வீட்டம்மா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். உடனே வந்துவிட்டார். சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் கீழே கிடந்ததையும் பார்த்தார். காலையில் தான் சொன்ன யோசனை அவருக்கு அதற்குள் மறந்துபோயிருந்தது.

"அட, இதுக்கா பயந்த? முழுகாம இருக்காடி! எட்டு மாசமாச்சே, இப்பத்தான் மாதா கண்ணு தொறந்தா!"

அம்மா அந்த வார்த்தையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். "அப்பிடித்தான் இருக்கும்" என்றாள். எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு வரச் சொன்னாள். சித்தியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, வாயைத் திறந்து சாற்றை ஊற்றினார்கள். பாதி வெளியே வழிந்தது. பக்கத்து வீட்டம்மா விசிறிக்கொண்டே என்ன பேர் வைக்கலாம் என்று பேசத் தொடங்கினார்.

நான் சித்தியின் கையைப் பார்த்தேன். வளையலுக்கு மேலே சிவப்புச் சிவப்பாகத் தடித்து, ஒரு தடிப்போடு இன்னொன்று சேர்ந்து பெரிதாகிக்கொண்டிருந்தது. கண் இமை இரண்டும் வீங்கிப்போயிருந்தன. உதடு யாரோ அடித்ததைப் போல இருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டம்மா பேர் சொல்வதை நிறுத்திவிட்டார். சித்தி அம்மாவின் முந்தானையைப் பிடித்து, "அக்கா, மூச்சு..." என்று சொன்னதோடு சரிந்தாள்.

அம்மா அப்போது போட்ட கூச்சலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு ஒரு டிராக்டர் தெருவில் வந்துகொண்டிருந்தது. அம்மா அதன் குறுக்கே போய் நின்றாள். ஓட்டிவந்தவர் எங்கள் ஊர்க்காரர்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சித்தியை நான்கு பேர் தூக்கிப் பெட்டியில் கிடத்தினார்கள். அடியில் கரும்புச் சோகை மெத்தைபோல் கிடந்தது. அம்மா ஏறினாள், பக்கத்து வீட்டம்மா ஏறினார், யாரும் சொல்லாமலே நானும் ஏறிக்கொண்டேன். இரண்டு மைல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் அம்மா சித்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் மறந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அம்மாவுக்கு ஜெபம் மறக்கும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொன்னது மூன்று அறை கொண்ட ஓட்டுக் கட்டடம். டாக்டர் பக்கத்து ஊருக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார். நர்ஸம்மா மட்டும் இருந்தார். நெட்டப்பாக்கம் பக்கத்துக்காரர், குள்ளமாக, குரல் மட்டும் பெரிதாக இருப்பார். டிராக்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். சித்தியைப் பெட்டியிலிருந்து இறக்கி, பக்கத்து வீட்டம்மா கைத்தாங்கலாக நிமிர்த்தி நடக்க வைக்கப் பார்த்தார். சித்தியின் கண் மேலே செருகிவிட்டது.

"நிமுத்தாதீங்க! படுக்க வையிங்க! காலத் தூக்கிப் புடிங்க!"

தரையிலேயே பாயைப் போட்டுக் கிடத்தினார்கள். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "ஏய் பொண்ணு, அந்தக் கால நீ புடி" என்றார். நான் சித்தியின் இரண்டு பாதங்களையும் என் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மெட்டி என் கழுத்தில் குத்தியது. பாதம் இரண்டும் சில்லென்று இருந்தன.

நர்ஸம்மா நாடியைப் பிடித்துக்கொண்டே புடவையை விலக்கிக் கணுக்காலைப் பார்த்தார். பாம்போ பூரானோ கடித்த அடையாளம் தேடினார் என்று பிற்பாடு தெரிந்தது.

"இன்னா ஆச்சி? எதுனா கடிச்சிதா? இன்னா சாப்ட்டாங்க?"

"சோறுதான்" என்றாள் அம்மா. "கத்திரிக்கா கூட்டு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"முழுகாம இருக்குதோ இன்னமோ நர்ஸம்மா" என்று பக்கத்து வீட்டம்மா தொடங்கினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அம்மாவைப் பார்த்தேன். சொல்லக் கூடாது என்று அவள் காலையில் சொன்னது இன்னும் செல்லுமா, அல்லது முடிந்துவிட்டதா என்பது எனக்கு விளங்கவில்லை. கையில் சித்தியின் பாதம் இருந்தது. அது மட்டும் என்னிடம் இல்லாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று சொல்ல முடியாது.

"அம்மா கூட்டுல எறாப்பொடி போட்டுது" என்றேன். "சித்திக்கு எறா ஆவாது. நான்தான் இடிச்சேன்."

நர்ஸம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஆவாதுன்னு முன்னாடியே தெரியுமா?"

அம்மா ஆமென்று தலையை அசைத்தாள். அவ்வளவுதான். நர்ஸம்மா திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் இல்லை என்பதை அவர் ஓடிய ஓட்டத்திலேயே தெரிந்துகொண்டேன். இழுப்பு நோய்க்காரர்களுக்காக அலமாரியில் வைத்திருந்த ஒரு சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பியை எடுத்து அதன் கழுத்தை உடைத்தார். வெந்நீரில் கிடந்த ஊசியை எடுத்தார். "டாக்டர் வரட்டும்னு பாத்தா இந்தப் பொண்ணு இருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சித்தியின் தொடையில் குத்தினார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.  டிராக்டர்காரர் வாசலில் தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டார்.

முதலில் அந்த விசில் சத்தம் குறைந்தது. பிறகு சாம்பல் பூத்தது போல இருந்த உதட்டில் நிறம் வந்தது. என் நெஞ்சில் இருந்த பாதம் ஒன்று லேசாக அசைந்தது. சித்தி கண்ணைத் திறந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடி, "அக்கா" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோது நர்ஸம்மா நடந்ததைச் சொன்னார். இளவயது டாக்டர். அவர் அம்மாவை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். மனசில் இருப்பதல்ல இது, உடம்பு அந்த ஒன்றை மட்டும் விஷமென்று எடுத்துக்கொள்கிறது, விஷத்தை விரட்டுவதாக நினைத்துத் தன்னையே போட்டு அடித்துக்கொள்கிறது என்றார். அகப்பையில் ஒட்டியிருந்தால்கூடப் போதும் என்றார். ஒருமுறை லேசாக வந்தது என்பதால் அடுத்தமுறையும் லேசாகத்தான் வரும் என்று நம்பக் கூடாது என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அதே ஜீப்பில் அனுப்பினார். அம்மா கூடவே போனாள். டாக்டர் சொன்னபடியே அன்று சாயங்காலம் சித்திக்குத் தடிப்பும் மூச்சுத்திணறலும் திரும்பவும் வந்ததாம். ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிழைத்தாள்.

நான் பக்கத்து வீட்டம்மாவோடு நடந்து ஊர் திரும்பினேன்.  பாதி வழியில் அவர் நின்று, "நீ இன்னாத்துக்குடி அத சொன்ன? பெத்தவள மாட்டி வுட்டுட்டியே" என்றார். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது யார் என்று நானும் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அப்பா வந்ததும் தெருவே அவரிடம் சொல்லிவிட்டது.  அடுப்படியில் தட்டுகள் அப்படியே கிடந்தன. கத்திரிக்காய்க் கூட்டைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்தார். பிறகு கஞ்சி வைத்தார். அப்பாவுக்குக் கஞ்சி வைக்கத் தெரியும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அம்மா வில்லியனூரில் பஸ் இறங்கி நடந்து வந்தாள். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கேயே வந்து பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் செய்ததுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. வீட்டில் இருந்த மண்சட்டி எல்லாவற்றையும் உடைத்துப் போட்டாள். பாத்திரங்களைச் சாம்பல் போட்டு மூன்று தடவை துலக்கினாள். துணியில் முடிந்திருந்த எறாவைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினாள். அம்மிக்கல்லைக் கவிழ்த்துப்போட்டு வெந்நீர் ஊற்றினாள். நான் இடித்த சின்ன உரலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். சுத்தமாகிவிட்டதே என்று நான் சொன்னதும் என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.

அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு என்னென்ன பாவம் சொல்ல வேண்டும் என்று கோவிலில் வேதம் சொல்லித்தருகிற உபதேசியார் எங்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். பொய் சொன்னேன், திருடினேன், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமல் இருந்தேன் என்று வரிசையாக ஒப்பிக்க வேண்டும். அம்மா சொல்லக் கூடாது என்று சொன்னதை நான் சொல்லிவிட்டேன், அது கீழ்ப்படியாமையில் சேர்ந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இடித்த பாவத்தை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்கலாம் என்றால், அந்த வாரம் அவளே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு, முழங்காலில் இருந்து எழுந்திருக்காமல் வெகுநேரம் கோவிலிலேயே இருந்தாள். வயதானவர்களுக்குப் பாவம் நிறைய இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

நான்காம் நாள் சித்தி வீட்டுக்கு வந்தாள். சித்தப்பாவோடு சித்தியின் அம்மாவும் வந்திருந்தார். டவுன்காரர், மெல்லிய ஜரிகைப் புடவை, கையில் நான்கு அடுக்குத் தூக்கு. உள்ளே வந்து உட்கார்ந்தவர், வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் கீழே வைத்தார்.

"எப்பிடி நடந்துதுன்னு தெரியணும்" என்றார். "ஏழு வயசுலேர்ந்து பொத்திப் பொத்தி வளத்தேன். இங்க வந்து எப்பிடி வாய்க்குள்ள போச்சி?"

சித்தப்பாவும் அம்மாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்கு முன்பே சித்தி சொல்லிவிட்டாள்.

"நான்தான்மா பாக்காம போட்டுட்டேன். தனியாப் பொடின்னு நெனச்சி அந்தப் பொடிய எடுத்துக் கூட்டுல தூவிட்டேன். அக்கா ஆத்துக்குப் போயிருந்தாங்க. அவங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆற்றுக்குப் போனது சித்தி. வீட்டில் இருந்தது அம்மா. மயங்கிக் கிடந்ததில் எல்லாம் தலைகீழாக ஞாபகம் இருக்கிறது, பாவம், திருத்த வேண்டும் என்று, "இல்ல சித்தி..." என்று தொடங்கினேன். சித்தி எட்டி என் கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். ஒரு கையால் என் தலையைத் தன் தோளில் அழுத்தி, "எங்கண்ணு இளைச்சிப் போச்சி பாரு" என்றாள். அந்த அழுத்தத்தில் என் வாய் அவள் ரவிக்கையில் புதைந்துபோனது. உபதேசியார் பொய்யைப் பற்றி அவ்வளவு சொல்லியிருந்தும் பெரியவர்கள் யாருக்கும் அது உறைக்கவில்லையே என்று எனக்குக் கோபமாக வந்தது.

சித்தியின் அம்மாவின் முகத்தில் நம்பிய அடையாளம் இல்லை. ஆனால் மகளே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார். "சரி, பசியோட இருக்கற. சாப்புடு" என்று தூக்கைத் திறந்து அடுக்குகளைப் பிரித்து வைத்தார். நெய்ச்சோறு, முட்டைக் குருமா, உருளைக்கிழங்கு வறுவல், கடைசிக் கிண்ணத்தில் ஏதோ பால் பலகாரம். வீடு முழுக்க வாசனை. அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் காலையிலிருந்து சமைத்திருந்தாள். புதுச் சட்டியில் மிளகு ரசம், பருப்பு, கீரை. எடுத்து வைக்கவும் முடியாமல், வேண்டாம் என்று மூடி வைக்கவும் முடியாமல் புது அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சித்தி தன் தட்டை எடுத்தாள். தன் அம்மா போடப் போன நெய்ச்சோற்றைக் கையால் தடுத்து, எழுந்து அடுப்படி வாசலுக்குப் போய்த் தட்டை நீட்டினாள்.

"அக்கா, நீங்க போடுங்க."

அம்மா அசையவில்லை. "நான் மொதல்ல சாப்ட்டுக் காட்டறேன்" என்றாள், சித்திக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"வேணாங்கக்கா. பசிக்குது, போடுங்க."

அம்மா சோறு போட்டு ரசத்தை ஊற்றினாள். பாதி தரையில் கொட்டியது. சித்தி அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து, பிசைந்து, சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு வாய், இரண்டு வாய். அம்மா சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். சித்தி தலையை நிமிர்த்தாமல், "இன்னும் கொஞ்சம் சோறு போட்டு ரசம் ஊத்துங்கக்கா" என்று தட்டை நீட்டினாள்.

நல்ல நெய்ச்சோறு முன்னால் இருக்க, வெறும் ரசத்துக்குப் போய் மறுசோறு கேட்கிறாளே, ஆஸ்பத்திரி மருந்தில் சித்தியின் நாக்கு செத்துப்போய்விட்டது போலும் என்று நினைத்தேன். அதற்கு அம்மா ஏன் அழ வேண்டும் என்பதும் எனக்குப் புரியவில்லை. எப்படியோ போகட்டும் என்று, கேட்பாரில்லாமல் கிடந்த குருமாக் கிண்ணத்தை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.